முள்ளம்பன்றிகளுக்கு ஓர் அர்ச்சனை

அந்த மார்கழியில் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் பச்சைத் துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. கடைகளில் கிடந்த பச்சை முழுவதையும் தமிழ்ச் சனம் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றும், டெனிஷ்காரர் கிறிஸ்து பிறப்புக்கு நத்தார் மரத்தில் கட்ட ஒரு முழப் பச்சை நாடா இல்லாமல் தெருத் தெருவாக அலைகிறார்கள் என்றும் தவராஜா சொல்லித் திரிந்தார். வாங்கியது அறுபது மீற்றர். ஆனால் தவராஜாவின் வாய்க்குள் போன எந்த எண்ணும் போன உருவத்தில் வெளியே வந்ததில்லை.

பச்சை, நாரைகளின் நிறம். நாரைகள் என்பது அமெரிக்காவில் கால்டர்வில் என்ற கல்லூரியின் கால்பந்து அணி. நாங்கள் அறிந்த கால்பந்து அல்ல. இரண்டு முனையும் கூரான பந்தை ஒருவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, எதிர்ப்பக்கத்து ஆட்கள் அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி வந்து அவனை விழுத்துகிற கால்பந்து. ஹேர்னிங் தமிழர் அதற்கு முட்டைப்பந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். முட்டைப்பந்தில் எல்லாரும் கையால் விளையாட, ஒருவன் மட்டும் இடைக்கிடை எழும்பி வந்து, பந்தைக் காலால் ஓர் உதை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவால் அனுப்பிவிட்டு, மறுபடியும் போய் மைதானத்து ஓரத்தில் போட்டிருக்கும் வாங்கில் குந்திவிடுவான். அந்த ஒருவன், நாற்பத்தேழாம் இலக்கம், தவராஜாவின் மகன் சிந்துஜன்.

பதினேழு வயதில் ஒரு வருடம் படித்துவிட்டு வருகிறேன் என்று அமெரிக்கா போனவன். அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் சும்மா நின்று ஒரு பந்தை உதைத்திருக்கிறான். அந்தப் பந்து ஐம்பது மீற்றர் போனது. தவராஜா சொல்லச் சொல்ல அது வருடத்துக்கு வருடம் நீண்டு, இப்போது பக்கத்து மாநிலத்தில் ஒரு சோளத் தோட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது. பந்து போன தூரத்தைப் பார்த்த கல்லூரிக்காரர் பையனைத் திருப்பி அனுப்பவில்லை. படிப்பும் சாப்பாடும் இலவசம், உதைத்தால் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். இது நாலாவது வருடம்.

இந்த வருடம் நாரைகள் மேப்பிள் பவுலுக்கு வந்துவிட்டன. பருவம் முழுவதும் நன்றாக விளையாடிய அணிகளைத் தெரிந்தெடுத்து, வருடக் கடைசியில் பென்னாம்பெரிய மைதானத்தில் மோதவிடுவதைத்தான் அந்த ஊரில் பவுல் என்கிறார்கள். இது அரை இறுதி; எதிரணி முள்ளம்பன்றிகள். ஆட்டம் நத்தாருக்கு இரண்டு நாள் கழித்து, மார்கழி இருபத்தேழு, எங்கள் நேரம் மாலை ஆறு மணி.

ஹேர்னிங்கில் ஆயத்தங்கள் கார்த்திகையிலேயே தொடங்கிவிட்டன. தவராஜா கொம்யூன் என்கிற நகரசபையின் மண்டபத்தைப் பதிவு செய்தார். முப்பது வருடம் துணி ஆலையில் தைத்த கைகள் ஊரில் சும்மா இருந்தன. தவராஜாவின் மனைவி ராசமலரும் அவளுடைய பழைய வேலைத்தோழி கஜந்தியும் நாற்பது பச்சைச் சட்டைகள் தைக்க இறங்கினார்கள். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த நேசராஜா, தவராஜாவோடு ஒரே இயந்திரத்தில் சாயம் கலக்கியவர், நாரைகளின் வெற்றிக்காக மூன்று நாள் உபவாசம் இருப்பதாக அறிவித்தார். அவர் உபவாசம் இருக்கப்போவதைக் கேட்டு இரண்டு கடைகளில் கோழி விலை இறங்கியதாகத் தவராஜா சொன்னார்.

ஒத்திகையும் நடந்தது. யாருக்கும் விதி தெரியாத ஆட்டத்தில் எந்த இடத்தில் கத்துவது என்ற பெரிய சிக்கல் இருந்தது. தவராஜா மூன்று அட்டைகள் வெட்டிக்கொண்டு மண்டபத்தின் மேடையில் ஏறினார்.

"பச்சை தூக்கினா கத்த வேணும். சிவப்பெண்டா ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. மஞ்சளெண்டா ரோல்ஸ் சாப்பிடலாம்."

"சிவப்பு எப்ப அண்ணை வரும்?" என்று கேட்டாள் கஜந்தி.

"பந்து எங்கட ஆக்களிட்டை இருக்கேக்கை. அவங்கள் தங்களுக்குள்ளை ரகசியம் கதைப்பாங்கள், அது கேக்க வேணும். மற்றவையிட்டைப் பந்து போனவுடனை நாங்கள் கூரை பறக்கக் கத்திக் குழப்ப வேணும்."

"நாங்கள் இஞ்சை கத்தினா அங்கை குழம்புமே?"

"நம்பிக் கத்தினாக் குழம்பும்."

"அண்ணை எங்களைவிடப் பெரிய விசுவாசி," என்றார் நேசராஜா. "ஞானஸ்நானம் மட்டுந்தான் பாக்கி."

அட்டை பச்சையாகத் தூக்கப்பட்டது. நாற்பது பேரும் கத்தினார்கள். தவராஜா மேடையில் நின்று அதைக் கேட்டு ஊருக்கே மாப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு உள்ளே என்ன கிடந்தது என்பது அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.

முட்டைப்பந்துக்காரருக்கு நத்தார் கிடையாது. வீட்டுக்குப் பிள்ளைகள் வருகிற நாட்களில்தான் ஏதாவது ஒரு பவுலுக்கு வந்த அணி பயிற்சி முகாமில் கிடக்கும். இப்படி மூன்று மார்கழி போய்விட்டது. கோடையிலும் பயிற்சி. இரண்டு வருடத்துக்கு முன் ஒன்பது நாள் வந்தான்; அதில் ஐந்து நாள் நித்திரை கொண்டான். மற்ற நாலு நாளும் தோழர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பில்லுண்ட் விமான நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விடும்போதுதான் தவராஜாவுக்கு மகனோடு முக்கால் மணித்தியாலம் கிடைத்தது. அதிலும் பாதி நேரம் அவன் கைபேசிக்குப் பதில் சொன்னான்.

தவராஜாவுக்குப் பெரிய ஆசைகள் இல்லை. சிந்துஜன் ஒன்பது வயதில் பந்து உதைக்கத் தொடங்கியபோது, ஆலையில் காலை வேலை முடித்து வந்த தகப்பன் கோலுக்குப் பின்னால் போய் நிற்பார். பையன் உதைப்பான், வலை கிழிந்த கோலுக்குள்ளால் பந்து பின்னால் ஓடும், இவர் ஓடிப்போய் எடுத்து எறிவார். இருவரும் கதைப்பதில்லை. இருட்டும்வரை உதையும் எறிதலும்தான். அந்தக் கணக்கில் தான் இந்தப் பூமியை இரண்டு தடவை சுற்றி ஓடியிருப்பதாகத் தவராஜா சொல்வார். இப்போது அவருக்கு வேண்டியிருந்தது அப்படி ஒரு பின்னேரம், ஒன்றே ஒன்று. முழங்கால் ஓடவிடாது. நடந்து போய் எடுத்து எறியலாம்.

கார்த்திகைக் கடைசியில் சிந்துஜன் தொலைபேசியில் வந்தான். அவன் டெனிஷில்தான் கதைப்பான். தவராஜாவின் காதுக்குள் அது தமிழாக மாறித்தான் இறங்கும்.

"ஃபா," என்றான். அப்பா என்பதற்கு அவன் சிறு வயதிலிருந்து வைத்திருக்கிற டெனிஷ்ச் சொல். "இருபத்தேழாந் திகதி தோத்தா எங்கட பருவம் முடிஞ்சுது. இருபத்தெட்டுக்கு பில்லுண்டுக்கு ரிக்கற் போட்டு வைச்சிருக்கிறன். தை பன்ரண்டு வரைக்கும் நிப்பன்."

"வெண்டா?"

"வெண்டா இறுதி ஆட்டம். பிறகு பெரிய அணிக்காரர் ஆள் எடுக்கிற தேர்வு. அதுக்கு அங்காலை எப்ப எண்டு சொல்லேலாது. அம்மாட்டை இப்ப சொல்ல வேண்டாம். நான் பிறகு சொல்லுறன்."

"ஓம், ஓம். நீ வெல்லுற வழியைப் பார்," என்றார் தவராஜா. வைத்துவிட்டு, கழுவின தேத்தண்ணிப் பேணியை மறுபடியும் கழுவினார்.

அன்றிலிருந்து டென்மார்க்கில் நாரைகளுக்கு முதலாவது ரசிகரும் முதலாவது துரோகியும் ஒரே சட்டைக்குள் நடமாடத் தொடங்கினார்கள்.

மகன் தோற்க வேண்டும் என்று சாமியிடம் கேட்க ஒரு தகப்பனுக்கு வாய் வராது. தவராஜாவுக்கும் வரவில்லை. ஆனால் மற்றப் பிள்ளை நன்றாக விளையாட வேண்டும் என்று கேட்டால் அதில் என்ன பிழை? அதுவும் ஒரு தாய் பெற்றதுதானே. இப்படி நாலு நாள் யோசித்துத் தன்னைத் தானே வென்றுகொண்டார். முள்ளம்பன்றிகளில் பந்தை எறிகிற முக்கியமான பையனின் பெயர் லோகன். அணியின் இணையப் பக்கத்தில் அவனுடைய உயரம், நிறை, பிறந்த ஊர், பிறந்த திகதி எல்லாம் கிடந்தன. இணையத்தில் இன்னொரு பக்கத்தில் பழைய பஞ்சாங்கம் கிடந்தது. தவராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லோகனுக்கு நட்சத்திரம் பார்த்தார். மூலம்.

ஒரு புதன்கிழமை காலை அம்மன் கோயிலுக்குக் காரை விட்டார். புதன் காலையில் அம்மனையும் ஐயரையும் தவிர அங்கே வேறு ஆள் இருக்காது.

தட்டில் தேங்காயும் பழமும் வைத்து நீட்டினார்.

"ஆற்றை பேருக்கு?" என்று கேட்டார் ஐயர்.

"லோகன்."

"நட்சத்திரம்?"

"மூலம்."

தட்டை வாங்கித் திரும்பிய ஐயர் நின்றார்.

"மூலமோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பாத்துத்தான் ஐயா எழுதினனான்."

"திங்கட்கிழமை அம்மா வந்து பூராடம் எண்டெல்லோ செய்விச்சவ."

"எந்த அம்மா?"

"உங்கட வீட்டு அம்மாதான். லோகன், பூராடம். நெய்விளக்கும் ஏத்திப்போட்டுப் போனவ. அமெரிக்காவிலை பிறந்த பிள்ளை, அங்கத்தை நேரத்துக்குத்தான் பாக்க வேணும், ஆறு ஏழு மணித்தியாலத்துக்குள்ளை மூலம் முடிஞ்சு பூராடம் பிறந்திட்டுது எண்டு கடுதாசியிலை எழுதிக்கொண்டு வந்தவ." ஐயர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பிள்ளைக்கு ரெண்டு நட்சத்திரம் சொன்னா அம்பாள் ஆரெண்டு பாக்கிறது?"

தவராஜா தூணைப் பிடித்தார்.

"அவ சொன்னதுதான் சரி ஐயா. பூராடமெண்டே செய்யுங்கோ."

"ஆர் இந்த லோகன்? பேரப்பிள்ளையோ?"

"இல்லை. தெரிஞ்ச பெடியன்."

"சொந்தமோ?"

"தூரத்திலை இருக்கிறான்," என்றார் தவராஜா.

மணி அடித்தது. அமெரிக்காவில் எங்கோ ஒரு சிற்றூரில் பிறந்து, தேங்காய் உடைத்துப் பார்த்திராத லோகனுக்குப் பூராட நட்சத்திரத்தில் மறுபடியும் அர்ச்சனை நடந்தது. எதிரணிக்காரன் ஒருவனுக்கு ஒரே கிழமையில் இவ்வளவு அருள் கிடைத்தது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திரும்பும் வழியில் தவராஜா தனியே இருந்து சிரித்தார். ஸ்ரியறிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். பனி படிந்த வயல்களில் நின்ற மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு ஒரு வளைவில் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். ராசமலர் காலை தொடக்கம் "அவன் வெல்லட்டும், வெல்லட்டும்" என்று சொல்லிக்கொண்டே தையல் மெசினில் குனிந்திருக்கிறவள். தன்னைவிட இரண்டு நாள் முந்திப் போயிருக்கிறாள். ஏக்கத்தில்கூட அவள் கணக்குத்தான் சரி. மணித்தியால வித்தியாசம் வரைக்கும் பார்த்திருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது துடைக்கத் துடைக்க நனைந்தது.

வீட்டில் ராசமலர் சட்டையின் முதுகில் நாற்பத்தேழு பொருத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கை போட்டு வாறியள்?"

"சும்மா. டயருக்குக் காத்தடிக்க."

"காத்தடிக்கிற இடத்திலை இப்ப விபூதியும் பூசி விடுகினமோ?"

தவராஜா நெற்றியைத் தடவினார். "கோயிலடியாலை வந்தனான்."

"ஆருக்கு அர்ச்சனை?"

"மகனுக்குத்தான். வேற ஆருக்கு?"

ராசமலர் மெசினை ஓடவிட்டாள். நாலும் ஏழும் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தைத்தாள். "நல்லது," என்றாள். "அவன் வெல்லட்டும்."

"ஓம். வெல்லட்டும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இருவருக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லிவிட்டால் பிறகு இரண்டு பேரும் ஒன்றாக இருந்து மகன் தோற்க வேண்டும் என்று நினைக்கிற வீடாக அது ஆகிவிடும். தனித்தனியாக நினைக்கும்வரை அது வெறும் ஆசை.

இருபத்தேழாந் திகதி மண்டபம் பச்சையாக நிறைந்தது. நாற்பது சட்டைக்கு அறுபது பேர். கோல்டிங் நகரத்திலிருந்தும் இரண்டு கார் வந்தது. தவராஜாவின் வாயில் அது இரண்டு பஸ். நேசராஜா உபவாசம் முடித்த வேகத்தில் மஞ்சள் அட்டைக்குக் காத்திராமல் ரோல்ஸ் எடுத்தார். திரையில் மைதானம் தெரிந்தது. ஒரு லட்சம் பேருக்கு நடுவில் பச்சைப் பொட்டுகள்.

ஆட்டம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. லோகன் மிக நன்றாக விளையாடினான். அவன் எறிந்த பந்துகள் தாய்மடி தேடுகிற கன்றுகள் மாதிரிப் போய்க் கைகளில் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் மண்டபம் தலையில் கை வைத்தது. தவராஜாவும் வைத்தார். ஓரக்கண்ணால் ராசமலரைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பார்க்கிறவள் மாதிரித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நாலு விநாடி மிஞ்சியது. முள்ளம்பன்றிகள் இரண்டு புள்ளி முன்னுக்கு. பந்து நாரைகளின் கையில். இனி ஓடுவதற்கு நேரமில்லை. உதைத்தால் மூன்று புள்ளி.

வாங்கிலிருந்து நாற்பத்தேழு எழும்பி வந்தது.

"நாப்பத்தாறு யார் தூரம்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். தவராஜா சிவப்பு அட்டையைத் தூக்கினார். அறுபது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். முள்ளம்பன்றிகளின் பயிற்சியாளர் உடனே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்; உதைக்கப் போகிறவனை நிற்கவைத்து யோசிக்க விடுவது அங்கே ஒரு தந்திரம். சிந்துஜன் நடுமைதானத்தில் தனியே நின்றான். திரையில் அவன் முகம் பெரிதாக வந்தது.

தவராஜா பில்லுண்டை நினைத்தார். நாளைப் பின்னேரம். சறுக்குக் கதவு திறக்க, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். ஓர் அடி விலகினால் போதும். பந்து கம்பத்துக்கு வெளியால் ஓர் அடி.

திரையில் சிந்துஜன் குனிந்து, வலது சப்பாத்தின் நுனியை இடது காலில் முழங்கால்வரை இழுத்துவிட்ட மேஸில் துடைத்தான். ஒன்பது வயதில் அந்த ஈரப் புல்லில் நின்று எப்படித் துடைத்தானோ அப்படியே. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறகு கம்பங்களை நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்திருந்தது. அவன் பயந்திருக்கிறான் என்பது அந்த ஒரு லட்சம் பேரில் எவருக்கும் தெரிந்திராது. ஹேர்னிங் மண்டபத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்தது.

தவராஜாவுக்குள் பில்லுண்ட், சறுக்குக் கதவு, தை பன்னிரண்டு எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து போயின.

"போ," என்றார். பையனுக்கா, பந்துக்கா என்று அவருக்கே தெரியாது. "போடா."

பந்து எழும்பியது. கம்பங்களுக்கு நடுவால் போய், பின்னால் உயர்த்தியிருந்த பெரிய வலையில் விழுந்தது. அங்கே மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு மனிதர் சாவகாசமாக நடந்து போய் அதை எடுத்தார்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. அறுபது பேரும் தவராஜாவைப் பார்த்தார்கள். அவர் கையில் சிவப்பு அட்டை அப்படியே நின்றது. ராசமலர் எழும்பி மேடைக்குப் போய், மேசையில் கிடந்த பச்சை அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள். அதன்பிறகு எழும்பிய சத்தம் அமெரிக்காவுக்குக் கேட்டிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. நேசராஜா தவராஜாவைத் தூக்க முயன்று, முடியாமல், கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒன்பதரை மணி போல இருவரும் காருக்கு வந்தார்கள். தவராஜா இயந்திரத்தை முடுக்கி, சூட்டை முழுவதுமாகத் திறந்துவிட்டார். ஆனால் காரை எடுக்கவில்லை.

"லோகன் பாவம்," என்றார். "ரெண்டு அர்ச்சனை வீணாப் போச்சு."

ராசமலர் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஐயரோ சொன்னவர்?"

"ஓம்."

"உங்களுக்கும் அவன் ரிக்கற் கதை சொன்னவனோ?"

"கார்த்திகையிலையே. அம்மாட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவன்."

"என்னட்டை அப்பாட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவன்." அவள் கையுறையைக் கழற்றினாள். "நீங்கள் எந்த நட்சத்திரம் குடுத்தனீங்கள்?"

"மூலம்."

"அங்கத்தை நேரம் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"அதுதானே பாத்தன்," என்றாள். "கடைசி உதைக்கு முதல் நான் அம்மாளிட்டை எல்லாத்தையும் திருப்பிக் கேட்டிட்டன். அவன்ர முகத்தைப் பாத்தாப் பிறகு..."

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் கேட்டனான், மலர்."

அப்போது தொலைபேசி அடித்தது. சிந்துஜன். தவராஜா அதை இருவருக்கும் நடுவில் பிடித்தார். உள்ளேயிருந்து பாட்டும் கூச்சலும் இரும்புக் கதவு அடிபடுகிற ஓசையும் வந்தன. அணியின் உடைமாற்றும் அறை.

"ஃபா, மோ, பாத்தனீங்களா?" மோ என்பது அம்மா. "வரேலாது. நான்..."

"ஓம், ஓம். பாத்தனாங்கள்," என்றார் தவராஜா. "நல்லா உதைச்சனி. உந்த வலைக்குப் பின்னாலை நிக்கிற ஆள் ஆர்? சோம்பேறி மாதிரிக் கிடக்கு."

அங்கே ஒரு பெரிய கூச்சல் எழும்பியது. பையனைத் தோளில் தூக்கியிருக்க வேண்டும். தொலைபேசி எங்கோ விழுந்து, துணியில் உரசி, நின்றது. தொடர்பு துண்டிக்கப்படவில்லை. அவன் அதை மறந்துவிட்டான்.

இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். தண்ணீர் ஓடியது. நூறு பையன்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அந்தா, அது அவன்," என்றாள் ராசமலர்.

"இல்லை, அது வேற ஆரோ."

"அவன்தான். இருமுறான்."

மண்டபத்திலிருந்து வெளியே வந்த நேசராஜா கார்க் கண்ணாடியில் தட்டி, "என்ன அண்ணை, போகேல்லையோ?" என்று கேட்டார். தவராஜா உதட்டில் விரலை வைத்தார். நேசராஜா ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

"இரைச்சலாக் கிடக்கு," என்றாள் ராசமலர். "சூட்டை நிப்பாட்டுங்கோ."

தவராஜா இயந்திரத்தை நிறுத்தினார். கார் குளிரத் தொடங்கியது. இப்போது கொஞ்சம் நன்றாகக் கேட்டது.